ஆற்றுக்கூலிப் பலகையும் காணாமல் போன நான்கு காசும்

1. மூங்கில் குழாய்

சென்னையில் நான் வேலை பார்த்த ஏலக் கம்பெனியில் திங்கட்கிழமை காலை என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை எங்கள் கவுண்டர் முன்னால் நிற்பார்கள். பாடாத கிராமபோன், மூக்கு உடைந்த பீங்கான் நாய், யாரோ ஒரு துரை குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். கொண்டுவந்த பொருள் லட்சம் பெறும் என்று எல்லோரும் நம்புவார்கள். இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அந்த நாட்களில் சொல்லிக்கொள்வேன்.

நான் பேப்பர் செக்‌ஷன். அச்சுப் படம், பழைய மேப், ஸ்டாம்ப் எல்லாம் என் மேஜைக்கு வரும். அந்தக் கட்டடத்தில் ஜப்பானிய எழுத்தைக் கொஞ்சமாவது படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அதற்கு முன் ஒரு ஜப்பானிய மெஷின் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே இருந்த அதிகாரியின் மனைவி மிச்சிகோ அம்மாளுக்கு நம் சமையல் கற்க ஆசை, எனக்கு அவர்கள் எழுத்தின்மேல் ஆசை. நான் வத்தக்குழம்பு சொல்லித் தந்தேன், அவர் தூரிகையும் மையும் எடுத்துவந்து எழுத்தைச் சொல்லித் தந்தார். குழம்பு அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. எழுத்து எனக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய படங்களில் எழுத்தைக் கொடி படர்ந்த மாதிரி ஒன்றோடொன்று பின்னி எழுதியிருப்பார்கள். இன்றைய ஜப்பானியர்களே அதைப் பார்த்துத் திணறுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை. காக்கி அரைக்கால் சட்டை, முறுக்கிய வெள்ளை மீசை, தோளில் துப்பாக்கியைச் சாத்துவதுபோல ஒரு மூங்கில் குழாய். ஒருவர் வந்து என் மேஜைக்கு எதிரே விறைப்பாக நின்றார்.

"மேடம், ஜப்பான் படம் கொணாந்துக்கீறேன். இன்னா வெலைக்குப் போவும், பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பேச்சைக் கேட்டதும் என் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது.

"எந்த ஊருங்க நீங்க?" என்றேன்.

"ஒடுகத்தூருக்கு மேல, ஜவ்வாது மல. பேரு பொன்னுசாமி. பட்டாளத்துல அவில்தாரா இருந்தேன்."

"நான் கண்ணமங்கலம்."

"அப்ப நம்மூருப் பொண்ணுன்னு சொல்லுங்க! நாலு எடத்துல கேட்டுட்டேன், எல்லாரும் வெரட்டினாங்க. நீங்க வெரட்ட மாட்டீங்க."

குழாயின் மூடியைத் திறந்ததும் அடுப்புப் புகை வாசனை மேஜை முழுவதும் பரவியது. இத்தனை காலமும் குழாய் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கியதாம். புகை தாளைப் பழுப்பாக்கியிருந்தது. ஆனால் அதே புகைதான் ஒரு பூச்சிகூட அண்டாமல் காப்பாற்றியும் இருந்தது. பெரிய கம்பெனிகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாழாக்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். இது நன்றாகவே இருந்தது.

"எதுக்கு விக்கறீங்க?"

"பையனுக்குப் பரிசம் போடணும். பொண்ணு பாத்தாச்சி. பந்தி போடக் காசு வேணும்." அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவர் மீசையைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து ஆள்களின் குடும்பக் கதையைத் தோண்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

2. பலகையில் இருந்தது

படத்தில் அகலமான ஆறு. கரையில் மணல், தூரத்தில் மலை. கோவணம் கட்டிய சுமையாட்கள் பயணிகளைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடக்கிறார்கள். நடுவில் ஒரு குண்டு வியாபாரி. அவரை ஓர் ஆள் தோளில் சுமக்க, இன்னோர் ஆள் பக்கத்தில் நடந்து இடுப்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். வியாபாரியின் முகத்தில் பயம், சுமக்கிறவன் முகத்தில் அலுப்பு. கரையில் ஒரு மரப்பலகை நட்டு அதில் வரிவரியாக எழுதியிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட படம் கையில் வந்தால் அழகை ரசித்துக்கொண்டு உட்காராதீர்கள், அதற்கு வாங்குகிறவர் இருக்கிறார். முதலில் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் அச்சடித்த தாளில் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் இருக்கும். பிறகு முத்திரைகளைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சர்க்கார், படத்தைப் பார்த்து ‘சரி’ என்று சின்னதாக ஒரு வட்ட முத்திரை குத்தும். அதன் பிறகு எழுத்துக்கு வாருங்கள். எழுத்திலும் எண்ணை முதலில் பிடியுங்கள். எத்தனை கொடி படர்ந்தாலும் எண் கொஞ்சம் முகம் காட்டும்.

பின்பக்கத் தடம் இருந்தது. முத்திரையும் இருந்தது. பலகை எண்களை லென்ஸ் வைத்துப் பிடித்தேன். ஓயி என்ற ஆற்றின் கூலி விவரம் அது. அந்த ஆற்றில் பாலம் கட்டவும் ஓடம் விடவும் அந்தக் காலத்தில் அனுமதி இல்லை. ஆள் சுமந்துதான் கடக்க வேண்டும். தண்ணீரின் ஆழத்துக்கு ஏற்றபடி கூலி. தொடையளவு தண்ணீர் என்றால் சுமக்கும் ஆள் ஒருவனுக்கு நாற்பத்தெட்டு மோன். ஆழம் கூடக் கூடக் கூலி ஏறி, அக்குள் வரைக்கும் போனால் தொண்ணூற்று நான்கு. அதற்கு மேலே தண்ணீர் வந்தால் ஆறு மூடப்படும்.

மோன் என்பது நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசு. அந்த நாட்டுப் பழைய பணம் மூன்று தனித்தனி வண்டிகளில் ஓடியது. தங்கத்தை நான்கு நான்காகப் பிரித்தார்கள். ஒரு ரியோவுக்கு நான்கு பூ, ஒரு பூவுக்கு நான்கு ஷூ, ஆக ஒரு ரியோவுக்குப் பதினாறு ஷூ. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று வளர்ந்த எனக்கு இதைப் படிக்கும்போது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. வெள்ளியை எடை போட்டார்கள். செப்பை எண்ணினார்கள். ஒரு ரியோவுக்கு நாலாயிரம் மோன் என்பது சர்க்கார் கணக்கு, கடைவீதியில் அதற்கும் மேலே போகும். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் பதினாறு மோனுக்குக் கிடைத்த காலம் அது. ஆக, தொடையளவுத் தண்ணீரில் ஒருவரைச் சுமந்து கடந்தால் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடலாம்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. குண்டு வியாபாரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். ‘தொடையளவு. இருவர். நூறு.’

நாற்பத்தெட்டும் நாற்பத்தெட்டும் தொண்ணூற்றாறு. நூறு எங்கிருந்து வந்தது?

3. மேனேஜர் கேட்ட கேள்வி

எங்கள் மேனேஜர் ராகவன் சார் நல்ல மனிதர், ஆனால் போலி என்ற சந்தேகம் வந்துவிட்டால் பெற்ற பிள்ளையைக்கூட லென்ஸ் வைத்துப் பார்ப்பார். படத்தையும் என் குறிப்பையும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"கூட்டலே தப்பா இருக்கேம்மா. வெட்டினவனுக்குக் கணக்குத் தெரியாம இருக்குமா? பின்னாடி எவனோ டூரிஸ்டுக்கு விக்கறதுக்காகப் புதுசா வெட்டி அடிச்சதா இருந்தா? நாளைக்கு வாங்கினவர் இந்தக் கூட்டலைக் கண்டுபிடிச்சா நம்ம பேர் என்ன ஆகும்?"

"தாள் பழசு சார். முத்திரை சரியா இருக்கு."

"பழைய தாள் கிடைக்காதா? முத்திரை வெட்ட முடியாதா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நேரா நிராகரிக்க வேண்டாம். வழக்கமா கேக்கறதைக் கேட்டியா? இதோட கூட வேற என்ன வந்துது?"

எங்கள் தொழிலில் அது பழக்கமான கேள்வி. ஒரு பொருள் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அதே வீட்டிலிருந்து கூட வந்த மற்ற பொருள் அதற்குச் சாட்சி சொல்லும். நான் வெளியே வந்து அவில்தாரைக் கேட்டேன்.

"இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது? கூட வேற எதனா குடுத்தாங்களா?"

அவர் சொன்னார். உலகப்போர் முடிந்ததும் அவருடைய பட்டாளத்தை ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். முகாமுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா, பேரக் குழந்தையோடு தனியாக இருந்தாள். ஊரே பட்டினி. இவர் பட்டாளத்தில் தனக்குக் கொடுத்த பால் டின்களை அந்தக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊருக்குத் திரும்பும் நாளில் அந்த அம்மா கூப்பிட்டு இந்தப் படத்தைக் கொடுத்தாள்.

"படம் மட்டுந்தானா?"

"அது... இன்னொண்ணும் குடுத்தாங்க. அந்தப் பேச்சு வேணாங்க."

"சொல்லுங்க. இல்லன்னா இந்தப் படம் போலின்னு திருப்பிக் குடுத்துருவாங்க."

போலி என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது. "போலியா? அந்தக் கெழவி என்ன ஏமாத்தினாளா? சொல்லாதீங்க மேடம் அந்த மாரி!" என்று சத்தம் போட்டார். கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஓட்டக் காசு ஒரு சரம். கயித்துல கோத்து, முடிச்சு மேல காயிதம் சுத்தி ஒட்டி வெச்சிருந்துச்சி. நூறு காசுன்னு சொன்னாங்க. அவங்க பாஷ தெரிஞ்சி கூட வந்த ஆளும் நூறுன்னுதான் எடுத்துச் சொன்னாரு. லீவுல வந்தப்ப தம்பி ஆண்டிகிட்ட குடுத்து, பரண்ல போட்டு வெய்டான்னு சொல்லிட்டுத் திரும்பிப் போய்ட்டேன். பட்டாளத்த வுட்டு வந்தப்பறம் எனக்குப் பரிசம். நூறு ஜப்பான் காசு வெக்கிறேன்னு ஊர் முச்சூடும் சொல்லிட்டேன். எங்க மலையில ஊர்க் கவுண்டரு சபையில வெச்சித் தட்டுல இருக்கறத சத்தமா எண்ணுவாரு. எண்ணினாரு."

அவர் குழாயின் மூடியைத் திருகினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொண்ணூத்தாறு. மறுபடி எண்ணினாரு, அதேதான். பொண்ணூட்டுக்காரங்க, எங்களுக்கு இந்தக் கொறக் காசு வேணாம், மாடு குடுன்னுட்டாங்க. மாடு குடுத்துக் கல்யாணம் ஆச்சி. சபைக்கு நடுவுல தம்பியக் கேட்டேன், நாலு காசு இன்னாடா பண்ணேன்னு. தொடலன்னான். முடிச்சு மேல இருந்த காயிதம் பொகையில உதுந்து போயிருந்துச்சி, யாரும் நம்பல. அன்னிக்குப் போனவந்தான். பக்கத்துப் பக்கத்து நெலம், முப்பது வருசத்துக்கு மேல பேச்சு இல்ல. இப்ப பையன் பரிசத்துக்குச் சித்தப்பன் வந்து தட்டு புடிக்கலன்னா பொண்ணு இல்லன்னு சொல்லிட்டாங்க. அவன் இன்னாடான்னா, மொதல்ல நான் திருடன் இல்லன்னு சபையில சொல்லு, அப்பால வர்றேங்கறான். நான் எப்படிங்க சொல்றது? எண்ணினது ஊரே பாத்துச்சே!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தெட்டும் நாற்பத்தெட்டும் தொண்ணூற்றாறு, படம் அதை நூறு என்கிறது. சரத்தில் தொண்ணூற்றாறு, கிழவி அதை நூறு என்றாள். இரண்டும் ஒரே நூறு.

"அவில்தாரே, அந்தச் சரம் இப்ப எங்க இருக்கு?"

"மறுபடி அதே கயித்துல கோத்து வூட்டுலதான் பானையில போட்டு வெச்சிக்கீறேன். வெளிய எடுக்கறதே இல்ல."

"டீ சாப்டுட்டு இங்கயே உக்காருங்க. எங்கயும் போயிராதீங்க."

4. மிச்சிகோ அம்மாளின் சிரிப்பு

தோன்றுவது ஒன்று, தெரிந்துகொள்வது வேறு. ஊருக்கு நடுவே சொல்லப்போகும் விஷயத்தை ஊகத்தில் சொல்லக்கூடாது. மிச்சிகோ அம்மாள் அப்போதும் மெட்ராஸில்தான் இருந்தார். ஆபீஸ் போனில் பிடித்தேன். ராகவன் சார் பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்தார்.

நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். அவர் தமிழ், குழம்பு கற்ற சமையலறைத் தமிழ். "அது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். செப்புக் காசு யாரும் உதிரி எண்ண மாட்டாங்க. தொண்ணூத்தாறு கோத்துட்டா அது நூறு. கடைக்காரன் நூறுன்னு வாங்குவான், அடுத்தவனுக்கு நூறுன்னு குடுப்பான். கயிறை அவுக்கக் கூடாது. அவுத்தா வெறும் தொண்ணூத்தாறு. ஏன் நாலு கம்மின்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. எண்ணிக் கோத்தவங்க கூலின்னு எங்க பாட்டி சொல்வாங்க."

ராகவன் சார் போனை வைக்கச் சொல்லவில்லை. தானே வாங்கி, ‘ஒருவர் நாற்பத்தெட்டு, இருவர் நூறு’ என்று இருந்தால் சரிதானா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். அதுதான் அவர். பிறகு என் குறிப்பின் ஓரத்தில் பெரிதாக டிக் போட்டு, "இந்தப் படம் நல்ல படம். போலி அடிக்கறவன் நம்ம மாதிரி கூட்டி, தொண்ணூத்தாறுன்னுதான் வெட்டியிருப்பான். இதுக்கு நல்லபடியா கேட்லாக் எழுது," என்றார்.

அவில்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது.

"அப்ப தம்பி எடுக்கல," என்றார்.

"எடுக்கல."

"யாருமே எடுக்கல."

"யாருமே எடுக்கல."

அந்தப் பெரிய மீசைக்காரர் என் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. சுற்றி இருந்தவர்கள் படம் விலை போகவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பொண்ணு வேணுங்கறதுக்காகக் கத வுடறான்னு சொல்வாங்க. நீங்க படத்த எடுத்துக்கினு மலைக்கு வரணும்," என்றார்.

கம்பெனி வேலையில் இது சேராது. லீவு போட்டேன். ராகவன் சார் மட்டும் படத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மழையில நனைச்சுடாதே," என்றார். என்னைச் சொல்லவில்லை, படத்தைச் சொன்னார்.

5. ஆட்டுக்கு வந்த செய்தி

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவில்தார் காத்திருந்தார். அங்கிருந்து அவர் ஊருக்கு அப்போது ரோடு கிடையாது, நடைதான். பாதி மலையில் என் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஏறினேன். எதிரே புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். உடம்பு சரியில்லாத ஒருவரைக் கம்பில் கட்டிய போர்வைத் தூளியில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். என் பையில் இருந்த படம் நினைவுக்கு வந்தது.

அவில்தாரின் மனைவி செல்லியம்மா சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டார். அந்த ரசத்துக்காக இன்னொரு தடவை அந்த மலை ஏறலாம். சாப்பிட்டு முடித்ததும் ஊர்க் கவுண்டர் வீட்டு வாசலில் ஊர் கூடியது. எல்லோருக்கும் பின்னால், கூட்டத்தோடு சேராமல், ஒரு வெள்ளாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். மெலிந்த ஆள், அதே மூக்கு. ஆண்டி என்று யாரும் சொல்லவே தேவையில்லை.

படத்தைப் பலகைமேல் விரித்துக் காட்டினேன். சுமையாட்களைப் பார்த்ததும் கூட்டம் நெருங்கியது. கூலி விவரத்தைப் படித்துச் சொன்னபோது அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி ஏறினா கூலியும் ஏறுதா? நம்ம மண்டிக்காரன் மழ பேஞ்சாலும் அதே கூலிதானே குடுக்கறான்," என்றார் ஒருவர்.

"இந்தக் குண்டனுக்கு ரெட்டக் கூலி வாங்கணும்," என்றாள் ஒரு பெண்.

"அதத்தான் வாங்கிக்கீறாங்க," என்றேன். "ரெண்டு பேரு. ஆளுக்கு நாப்பத்தெட்டு. கூட்டினா எவ்ளோ?"

கவுண்டர் விரல்விட்டு எண்ணினார். அவர்தான் அவில்தாரின் பரிசக் காசையும் எண்ணியவர். "தொண்ணூத்தாறு," என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த எண் அவருக்கு மறந்திருக்க வழியில்லை.

"இங்க இன்னா எழுதிக்கீது தெரியுங்களா? நூறு."

நான் அவசரமில்லாமல் சொன்னேன். அந்த நாட்டில் தொண்ணூற்றாறு காசைக் கோத்துவிட்டால் அது நூறு என்று செல்லும், கடைக்காரர் முதல் சுமையாள் வரை எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள், கொடுப்பார்கள், கயிற்றை அவிழ்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம் இல்லை.

"அது எப்படிம்மா? நாலு கொறைஞ்சா கொறைஞ்சதுதான?" என்றார் கவுண்டர். நியாயமான கேள்விதான்.

"ஒடுகத்தூர் மண்டியில நீங்க புளி மூட்டை போட்டா, சாக்குக்குன்னு கொஞ்சம் கழிச்சிட்டுத்தான் எடை எழுதுவாங்க. கழிச்சதை யாராவது திருடினான்னு சொல்றோமா? அது அந்த மண்டி வழக்கம். இது அந்த ஊரு வழக்கம். அந்தக் கெழவி குடுத்தது முழு நூறு. ஆண்டிகிட்ட வந்ததும் முழு நூறு. அவரு திருப்பிக் குடுத்ததும் முழு நூறு."

எல்லோரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ஆண்டி ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முப்பது வருஷமும் அண்ணன் காதில் விழ வேண்டிய பேச்சை எல்லாம் அவர் ஆட்டிடமும் மாட்டிடமும்தான் பேசிவந்தாராம்.

"கேட்டியா?" என்றார் ஆட்டிடம். "முழு நூறாம். சந்தைக்குப் போனா கடக்காரன்கூட நான் குடுத்த காச ரெண்டு தபா எண்ணி வாங்கினான். எம் பொண்டாட்டி சாவற வரிக்கும் திருடன் பொண்டாட்டின்னு பேர் வாங்கினா. இப்ப வந்து சொல்றாங்க, முழு நூறாம்."

நல்ல சேதி கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமையோடு மலை ஏறியவள் நான். அந்த மனிதருக்கு எத்தனை பெரிய நஷ்டம் நடந்து முடிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அவில்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். தம்பிக்கு முன்னால் போய் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியில் குனிந்து ஆட்டின் காதைப் பிடித்தார்.

"உன் எஜமான்கிட்ட சொல்லு," என்றார் அதனிடம். "தப்பு என்மேலதான். சபையில கேட்டேன் இல்ல, சபையிலயே சொல்றேன். அவன் திருடல. அவன் பொண்டாட்டியும் திருடன் பொண்டாட்டி இல்ல. எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சி."

ஆடு அவர் சட்டைப் பொத்தானைக் கடிக்கப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"ஆட்டுகிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?" என்றார் ஆண்டி. "அதுக்கு இன்னா தெரியும்? என்கிட்ட சொல்லுண்ணா."

6. எண்ணிக்கை

அடுத்த ஏலத்தில் படம் போனது. வாங்கியவருக்குக் குறை இல்லை, விற்றவருக்கும் இல்லை. பந்திக்குப் போதுமான பணம் வந்தது. கேட்லாக்கில் ‘ஒருவர் நாற்பத்தெட்டு, இருவர் நூறு’ என்ற கணக்கின் விளக்கத்தையும் அச்சடித்தோம். படத்தைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு அவில்தாருக்கு அனுப்பிவைத்தார் ராகவன் சார். அந்தச் செலவைக் கம்பெனி கணக்கில் எழுதவில்லை என்று பின்னால் தெரிந்தது.

இந்தத் தொழிலில் நான் கற்றதில் எனக்கு உபயோகமானது இதுதான். பழைய தாளில் கணக்கு இடித்தால் உடனே தாளைப் பொய் என்று சொல்லாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எதை நூறு என்று சொன்னார்கள் என்று கேளுங்கள். கூட வந்த பொருள் என்ன என்று கேளுங்கள். கொண்டுவந்த ஆள் பேச்சை விழுங்கினால், பொழுது போனாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள். திங்கட்கிழமை எரிச்சல் எனக்கு அதற்குப் பிறகும் போகவில்லை, ஆனால் கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

பையன் பரிசத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நல்ல செருப்பு போட்டுக்கொண்டு ஏறினேன். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, புடவை, நடுவில் அந்தக் காசுச் சரம். தட்டின் ஒரு பக்கத்தை அவில்தாரும் மறுபக்கத்தை ஆண்டியும் பிடித்திருந்தார்கள். பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டர் கயிற்றை அவிழ்க்கவில்லை. சரத்தைக் கையில் தூக்கி, காசை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.

கவுண்டர் கடைசிக் காசுகளுக்கு வந்தார். ஆண்டியின் கை ஆடித் தட்டு லேசாகக் குலுங்கியது. அவில்தார் தன் இன்னொரு கையை நீட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்தி நாலு," என்றார் கவுண்டர். "தொண்ணூத்தி அஞ்சி."

கடைசிக் காசைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். ஆண்டியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"நூறு!" என்றார்.